அரசவையும் லயத்து முற்றமும்

பரதநாட்டிய மேடையில் வர்ணம் தொடங்கும்போது, மறைந்துபோன அரசவையொன்று நம் கண்முன் எழுகின்றது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி ஆண்ட காலத்தில் (1798–1832) சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் அந்த ஆடலுக்கு ஒழுங்கு வகுத்தனர். அவர்கள் பெயரை நாம் போற்றுகிறோம்; போற்றவும் வேண்டும்.

ஆனால் சரபோஜி மறையுமுன்பே, 1820களில், தமிழகத்து ஏழை மக்கள் இலங்கை மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிவிட்டனர். பின்னர் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் கையில் பொருளில்லை. நெஞ்சில் கூத்து இருந்தது.

1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தது; தேயிலை தழைத்தது. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மாசி தோறும் காமன் கம்பம் நடப்பட்டது. தப்பு முழங்க, மதனும் ரதியும் முடிசூடி வந்தனர். சிவனது நெற்றிக்கண்ணால் மதன் எரிய, ரதியின் புலம்பல் லயங்களெங்கும் ஒலித்தது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியனவும் விடிய விடிய ஆடப்பட்டன.

பகலெல்லாம் கங்காணிக்கு அஞ்சி நின்றவன் இரவில் மன்னனானான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. நாடற்றவரும் அந்த முற்றத்தில் நாடாண்டனர்.

தஞ்சை நால்வரின் பெயரை ஒப்பிக்கும் நம்முள், லயத்துப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கிய ஒரு மாஸ்டரின் பெயரையேனும் அறிந்தவர் எத்தனை பேர்? புரவலர் இருந்த கலைக்கு வரலாறு வாய்த்தது. உழைப்பாளியே புரவலனாகவும் இருந்த கலைக்கு, வரலாறு எழுதும் கடன் நம்முடையது.