நெருப்பு பாதி, தண்ணீர் பாதி

காரைக்கால் மாங்கனித் திருவிழாவிலும் நாகூர் கந்தூரியிலும் கையளவு தகரக் கப்பல் ஒன்று விற்பார்கள். உள்ளே எண்ணெய்த் திரியை ஏற்றி வைத்தால் டபடபவென்று சத்தம் போட்டபடி தொட்டியைச் சுற்றி வரும். தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891-ல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கோரினார். பட்டினச்சேரியில் படகு இஞ்சின் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். இஞ்சினின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சாமான் எனக்குக் கிடைக்கவில்லை.

கடையில் வாங்கவும் வேண்டாம். மெல்லிய செம்புக் குழாயைப் பென்சிலில் இரண்டு மூன்று சுற்று சுற்றி எடுத்து, இரண்டு முனைகளும் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும்படி ஒரு தெர்மாகோல் துண்டில் பொருத்தினால் போதும். தெர்மாகோல் உருகாமல் இருக்க மேலே ஒரு தகரம். குழாய் நிறையத் தண்ணீர் உறிஞ்சி வைத்துவிட்டு, சுருளுக்கு அடியில் மெழுகுவத்தியைக் கொளுத்த வேண்டும். ஆவி பிறந்து குழாய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளும். கப்பல் முன்னால் போகும். அந்த ஆவியே குழாயின் குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் தண்ணீராகச் சுருங்கிவிடும். காலியான இடத்துக்கு வெளித்தண்ணீர் ஏறும். மறுபடி ஆவி, மறுபடி தள்ளல்.

“உள்ள வர்ற தண்ணி கப்பல பின்னால இழுக்காதா தாத்தா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. போகிற தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சுகிறது. வருகிற தண்ணீர் நாலா பக்கமிருந்தும் வருகிறது. அதனால் தள்ளல்தான் ஜெயிக்கும்.

அடுத்து, அதே கப்பலை ஆவி பறக்கும் வெந்நீர்த் தாம்பாளத்தில் விடச் சொல்வேன். சுணங்கிவிடும். மெழுகுவத்தி அப்படியேதான் எரிகிறது, குறைந்தது குளிர்ச்சி.

நியூகமன் என்பவர் 1712-ல் இங்கிலாந்தில் நிறுத்திய நீராவி இஞ்சினும் இப்படித்தான்: ஆவி நிறைந்த உருளைக்குள்ளேயே குளிர்ந்த நீரைத் தெளித்து அதைச் சுருக்கினார். பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் காரைக்காலைப் பெற்றபோது அந்த இஞ்சின்கள் இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தன. ஒரே உருளையைச் சுட வைப்பதும் ஆற வைப்பதும் நிலக்கரிக்குக் கேடு. ஆவியைக் குளிர்விக்கத் தனிப் பாத்திரம் வைத்த ஜேம்ஸ் வாட் 1769-ல் காப்புரிமை பெற்றார். சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் இல்லாமல் வெப்பத்திலிருந்து வேலை வாங்க முடியாது என்று 1824-ல் புத்தகமே எழுதினார் சாதி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர்.

எங்கள் பக்கத்துக்கு நீராவி இரண்டு வழியாக வந்தது. தரை வழியில், 1898-ல் திறந்த பேரளம்–காரைக்கால் ரயில். ரயில் இஞ்சின் வேலை முடிந்த ஆவியைப் புகைபோக்கி வழியாகக் காற்றில் விட்டுவிடும். வழியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். அந்தத் தடத்தில் 1987-ல் ஓட்டம் நின்றது. கடல் வழியில், நாகப்பட்டினத்தில் நின்று மலாயாவுக்கு ஆளேற்றிப் போன நீராவிக் கப்பல்கள். 1926-ல் கட்டிய ‘ரஜூலா’வை இங்கே பெரியவர்கள் இன்னும் பேர் சொல்லிப் பேசுவார்கள். கப்பலுக்கு அந்தத் தைரியம் கிடையாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் கொதிகலனில் ஊற்ற ஆகாது, உப்புப் படிந்துவிடும். அதனால் கடல்நீர் ஓடும் குழாய்களில் பட்டு ஆவி நன்னீராகி, அதே நன்னீர் திரும்பக் கொதிகலனுக்குப் போகும். பிள்ளைகளின் செம்புக் குழாயிலும் கடல்நீர் கூடாது என்பேன், உப்பு அடைத்துக்கொள்ளும்.

மீன்பிடிப் படகுக்கு வந்தது டீசல். 1953-ல் கொல்லம் பக்கம் நார்வே உதவியோடு மீனவர் படகுகளில் இஞ்சின் பொருத்தும் திட்டம் தொடங்கியது. பிறகு கரைக்குக் கரை பாய் சுருண்டது. டீசல் இஞ்சினில் எரிவது உருளைக்குள்ளேயே. ஆவி இல்லை, கொதிகலன் இல்லை. ஆனாலும் எரியும் எண்ணெயின் சூட்டில் ஒரு பகுதிதான் சுழலியைச் சுற்றுகிறது. மிச்சம் புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியே போகிறது. போக வழியில்லை என்றால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும்.

ஆகவே, நடுக்கடலில் இஞ்சின் சூடேறுகிறது என்று யார் போன் செய்தாலும், டீசலைப் பற்றி நான் பிறகுதான் விசாரிப்பேன். முதல் கேள்வி, “தண்ணி வெளிய வருதா தம்பி?”