ஊரும் உயர்கல்வியும்: கல்முனைக் கரையோரத்திற்கான சமூக விஞ்ஞானப் பட்டப்படிப்புப் பற்றிய வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகமொன்று தான் அமைந்துள்ள பிரதேசத்தின் வாழ்வோடு எவ்வாறு தொடர்புகொள்ள வேண்டும் என்பது ஈழத்துக் கல்விச் சிந்தனைக்குப் புதிய வினாவன்று. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள, தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் கரையோர ஊர்களை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே எமது நோக்கம். வரலாறு, சமூகவியல், பொருளியல், புவியியல் முதலியவற்றை இணைத்து, மக்கள் மத்தியிலே பயிலும் இளமாணிப் பட்டப்படிப்பொன்றை இங்கு வகுப்பதாயின் அதன் அடித்தளம் எதுவாதல் வேண்டும்?

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. பாத்ததும்பறைக் கிராமங்களில் இலங்கைப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் பொருளியலாளர் என். கே. சர்க்காரும் சமூகவியலாளர் எஸ். ஜே. தம்பையாவும் இணைந்து உழைத்தனர். அதன் அறிக்கை 1957இல் வெளிவந்தது. இதற்கு முன்னர், 1956 ஜூன் மாதத்தில், தம்பையா தம் மாணவர்களுடன் கல்லோயாக் குடியேற்றத்திட்டத்தில் களவாய்வில் ஈடுபட்டிருந்தபோது, தனிச்சிங்களச் சட்டத்தை ஒட்டி எழுந்த இனக்கலவரம் அங்கும் மூண்டது. குடியேற்றக் கிராமங்களை அறியச் சென்றோர், ஆய்வுக்குரிய சமூகம் தம் கண்முன்னே பிளவுறுவதைக் கண்டனர்.

கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் நிறுவப்பட்டது. அத்திட்டம் நீர்ப்பாசனம், நெல்லுற்பத்தி என்ற அளவிலேயே பெரிதும் பேசப்பட்டது. ஆயின் குடியேற்றப்பட்டோரிற் பெரும்பாலார் சிங்களவராயிருந்தமையால் பிரதேசத்தின் குடித்தொகை அமைப்பும் அரசியற் பிரதிநிதித்துவமும் மாறின. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அணை கட்டியவரின் கணக்கில் இவ்விளைவுகள் இடம்பெறவில்லை.

யுத்தச் சூழலில் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் முஸ்லிம் மாணவர் கல்வியைத் தொடர இயலாத நிலை உருவாயிற்று. எம். எச். எம். அஷ்ரப் முன்னின்று உழைக்க, தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி 1995இல் நிறுவப்பட்டு 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒலுவிலில் அமைந்த இந்நிறுவனம் ஒரு சமூகத்தின் இழப்பிலிருந்து பிறந்தது. அதனாலேயே அச்சமூகத்தை அறிவியல் நோக்கில் ஆராயும் பொறுப்பும் அதற்கு உண்டு.

இப்பொறுப்பின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இக்கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடி முறையைப் பேணி வந்தவர்கள். மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் வழக்கு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீடுகளை அழித்தது. வீடு புதிதாக வழங்கப்பட்டபோது, 'குடும்பத் தலைவர்' என்ற நிருவாக விதி, பெண்ணுக்குரிய உடைமையை ஆணின் பெயருக்கு மாற்றும் நிலையைப் பல இடங்களில் தோற்றுவித்தது. இதனை ஆராயச் சட்டம் மட்டும் போதாது, உறவுமுறை தெரியவேண்டும். உறவுமுறையும் போதாது, கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்குண்ட நிலத்தின் விலை தெரியவேண்டும். வாழ்வு பாடப்பிரிவுகளாக வகுபட்டு நிகழ்வதில்லை.

எனவே பாடவிதானம் துறைகளிலிருந்தன்றிப் பிரச்சினைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எமது கருத்து. முதலாண்டில் மாணவர் காணியுறுதி, குடிவழக்கு, வாய்மொழி வரலாறு ஆகியவற்றின்மூலம் ஓர் ஊரை வாசிக்கப் பழகலாம். அடுத்து, மருதமுனைக் கைத்தறியாளர், கரைவலை மீனவர், வயற்கூலிகள் ஆகியோருடன் நீண்டகாலக் களப்பணி அமையலாம். ஒலுவில் துறைமுகம் எழுந்தபின் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தமை, புவியியலும் பொருளியலும் மீனவரின் அனுபவ அறிவும் சந்திக்கும் பாடமாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 'சமூகம்' என்றதும் போடியார், பள்ளிவாசல் நிருவாகிகள், அரசியற் பிரமுகர்கள் ஆகியோரின் குரலையே ஊரின் குரலாகக் கொள்ளும் ஆபத்து உண்டு. நிலமற்றோரையும் பெண்களையும் செவிமடுக்காத ஆய்வு, உள்ள அதிகாரத்திற்கே சான்று பகரும். ஆய்வின் முடிவு தமிழில் எழுதப்பட்டு, பட்டம் வழங்கப்படுமுன் அவ்வூர் மக்கள் முன்னிலையில் விவாதிக்கப்பட வேண்டும். மறுப்பதற்கும் திருத்துவதற்கும் அவர்களுக்கு உரிமை வேண்டும்.

மாணவர் சிங்களமும் கற்று, கல்லோயாவின் குடியேற்றக் கிராமங்களிலும் களப்பணி புரிதல் வேண்டும். அங்குள்ள விவசாயியின் வறுமையை அறியாத கரையோர ஆய்வு பாதி ஆய்வேயாகும். 1956இல் அந்த மண்ணில் குலைந்தது மக்களிடையேயான நம்பிக்கை. அதனை மீளக் கட்டுவதற்கான அறிவைத் தேடுவதே இப்பட்டப்படிப்பின் நியாயமாகும்.