கிந்தா மண்ணும் ஈய ஆராய்ச்சியும்

தமிழர் வீட்டு அடுக்களையில் ஈயச் சொம்புக்குத் தனி மதிப்பு உண்டு. அதில் வைத்த ரசத்தின் மணமே வேறு என்பர் பெரியோர். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாதிருக்க அதன் உட்புறத்தில் ஈயம் பூசுவதும் நெடுநாளைய வழக்கம். இவ்விரண்டிற்கும் உரியது வெள்ளீயம். நஞ்சாகிய காரீயம் வேறு. அவ்வெள்ளீயத்தை உலகுக்கு வாரி வழங்கிய நிலங்களுள் தலைசிறந்தது பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈய உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து கிடைத்தது. அதில் பெரும்பங்கு கிந்தாவினுடையது.

கிந்தாவின் வரலாற்றை எழுதியோர் சுரங்க முதலாளிகளின் செல்வத்தையும், சீனத் தொழிலாளரின் உழைப்பையும், 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் கால்கொண்ட ஆங்கிலேயர் ஆட்சியையும் விரித்துரைத்துள்ளனர். அந்த ஈயம் அம்மண்ணுக்கு எவ்வாறு வந்தது என்று வினவி, விடை தேடி வாழ்நாளைச் செலவிட்டவர்களின் வரலாறோ பலரும் அறியாதது. சுரங்கங்கள் ஓய்ந்துவிட்ட பின்னரும் எஞ்சி நிற்பது அவர்களுடைய உழைப்பே என்பதால், அவ்வரலாறு அறியத்தக்கதாகிறது.

பவாங் கண்ட ஈயம்

நிலவியல் என்னும் துறை மலாயாவில் கால்வைக்கும் முன்பே ஈயம் தேடும் கலை இங்கு வளர்ந்திருந்தது. அதற்குத் தலைவர் ‘பவாங்’ எனப்பட்ட மலாய் மந்திரவாதி. கிந்தாவில் சுரங்க ஆய்வாளராக இருந்த ஆபிரகாம் ஹேல் 1885இல் எழுதிய கட்டுரை ஒன்றில் பவாங்குகளைப் பற்றிய அரிய செய்திகளைப் பதிவு செய்துள்ளார். ஈயத்துக்கு உயிர் உண்டு. அது ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகரும். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். அதற்கு விருப்பும் வெறுப்பும் உண்டு என்று அக்காலச் சுரங்கத்தார் நம்பினர். அதனால் சுரங்கத்தினுள் பல தடைகள் கடைப்பிடிக்கப்பட்டன.

இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அந்நம்பிக்கையின் அடியில் உண்மையான ஒரு வினா ஒளிந்திருக்கிறது. ஒரு குன்றின் அடிவாரத்தில் குவிந்து கிடக்கும் ஈயம் அடுத்த குன்றின் அடிவாரத்தில் ஏன் இல்லை? நேற்று வளமாக இருந்த குழி இன்று ஏன் வறண்டுபோயிற்று? ஈயம் ‘நகர்ந்துவிட்டது’ என்பது பவாங் தந்த விடை. வேறு வகையில் அதே விடையைத்தான் பின்வந்த அறிவியலாரும் தந்தனர். கருங்கல் மலையில் பிறந்த ஈயத்தாது, மழையாலும் ஆற்றாலும் நகர்ந்து பள்ளத்தாக்கை அடைந்தது என்பதே அவர்கள் முடிவு.

அதே காலத்தில், 1884இல், ஷாக் டி மோர்கன் என்னும் பிரெஞ்சு அறிஞர் பேராக்கில் சுற்றி நிலவியலையும் சுரங்கத் தொழிலையும் ஆராய்ந்தார். பின்னாளில் பாரசீகத்தின் சூசா நகர அகழாய்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஹம்முராபியின் சட்டக் கல்வெட்டு அவ்வகழாய்விலேயே வெளிப்பட்டது.

ஆசானும் துணைவரும்

1903ஆம் ஆண்டு மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசாங்கம் ஜான் புரூக் ஸ்க்ரிவனர் என்னும் இளம் ஆங்கிலேயரை நிலவியலாளராக அமர்த்தியது. பத்து காஜாவில் அலுவலகம் அமைந்தது. காடும் மலையும் நடந்து பாறைகளை வரைபடமாக்கிய அவர், 1928இல் மலாயாவின் தாதுப்படிவுகளைப் பற்றியும் 1931இல் மலாயாவின் நிலவியலைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். இத்துறையின் முன்னோடி அவரே என்பது மிகையன்று.

முன்னோடியும் தவறக்கூடும் என்பதற்கு கோப்பெங் களிமண் சான்றாயிற்று. கோப்பெங் வட்டாரத்தில், பெருங்கற்கள் பொதிந்த களிமண்ணில் ஈயத்தாது கலந்து கிடந்தது. அதனைக் கண்ட ஸ்க்ரிவனர், அது பண்டைய பனிப்பாறைகள் கொண்டுவந்து சேர்த்த படிவு என்று கருதினார். அக்கருத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. ஒரிசாவின் தால்சேர்ப் பகுதியில் அத்தகைய பனிப்பாறைப் படிவுகள் இருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே நிலவியலார் அறிந்திருந்தனர். தொன்மையான கொண்டுவானாக் கண்டத்தின் ஒரு துண்டு மலாயாவிலும் இருக்கலாம் என்று அவர் எண்ணினார். அவ்வாறாயின், அக்களிமண்ணில் உள்ள ஈயம் அருகிலுள்ள கருங்கல் மலைக்கும் மூத்தது ஆகிவிடும்.

அவருடைய துறையிலேயே துணை நிலவியலாளராகப் பணியாற்றிய வில்லியம் ரிச்சர்ட் ஜோன்ஸ் இதனை ஏற்கவில்லை. 1917இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் ஏட்டில் அவர் தம் மறுப்பை வெளியிட்டார். அக்களிமண் பனிப்பாறை கொணர்ந்ததன்று. அங்கேயே இருந்த பாறைகள் வெயிலிலும் மழையிலும் மக்கி மண்ணாயின. அவற்றின் அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துவிட, மேலிருந்த மண் சரிந்து கீழிறங்கியது. அதிலுள்ள ஈயம் அருகிலுள்ள கருங்கல்லிலிருந்தே வந்தது என்பது அவர் வாதம்.

இது ஏட்டளவில் நின்ற வாதமன்று. ஈயம் தொலைவிலிருந்து வந்த பழம்படிவாயின், அதைத் தேடுவோர் அக்களிமண் படுகையைப் பின்தொடர வேண்டும். கருங்கல்லிலிருந்து வந்ததாயின், கருங்கல் பிற பாறைகளைத் தொடும் எல்லைகளைத் தேட வேண்டும். ஆயிரக்கணக்கானோரின் பொருளும் உழைப்பும் எந்தத் திசையில் செல்வது என்பதை அவ்வாதம் தொட்டது. பின்வந்த ஆராய்ச்சிகள் பனிப்பாறைக் கொள்கையை ஏற்கவில்லை. இங்ஹாம், பிராட்ஃபோர்ட் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட கிந்தாப் பள்ளத்தாக்கு ஆய்வறிக்கை இத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது.

இன்று அறிஞர் கூறும் விளக்கம் இது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் நெருப்புக் குழம்பாய் எழுந்து குளிர்ந்தது. இறுதியில் எஞ்சிய சூடான நீர்மத்தில் ஈயமும் போரானும் ஃபுளோரினும் செறிந்தன. அது பாறை வெடிப்புகளில் புகுந்து படிகங்களாக உறைந்தது. பின்னர் மலை தேய, ஈயத்தாது ஆற்றோடு வந்தது. மணலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65, ஈயத்தாதுவினுடையதோ ஏறத்தாழ 7. எனவே மணல் அடித்துச் செல்லப்பட, தாது அடியில் தங்கியது. சுண்ணாம்புப் பாறையின் கூரிய முனைகளுக்கிடையே இருந்த பள்ளங்கள் அதற்குக் களஞ்சியங்களாயின. டூலாங் என்னும் மரத்தட்டில் மணலை அலசிய பெண்களின் கைத்திறனும் இதே விதியைத்தான் பயன்படுத்திற்று.

சுரங்கமே பள்ளிக்கூடம்

நெடுங்காலம்வரை இக்கல்வியைப் பெற விரும்பியவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகம் 1765இலும், இலண்டன் அரசுச் சுரங்கப் பள்ளி 1851இலும் தோன்றியவை. உலகின் ஈயத்தில் பெரும்பகுதியைத் தந்த நாட்டில் ஈயத்தைப் பற்றிக் கற்பிக்க ஒரு வகுப்பறை இல்லை. அக்குறை 1956இல் நீங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை அவ்வாண்டு தொடங்கப்பட்டது. 1967இல் மலேசிய நிலவியல் கழகமும் தோன்றியது. இங்கிலாந்தின் கார்ன்வால் ஈயநாட்டில் கற்பித்துத் தேர்ந்த கென்னத் ஹாஸ்கிங், கோலாலம்பூரில் பயன்பாட்டு நிலவியல் பேராசிரியராக அமர்ந்தார். சார்லஸ் ஹட்சிசன் இந்நாட்டிலேயே பல பத்தாண்டுகள் கற்பித்து, 1988இல் ஆசிய, பசிபிக் ஈயப்படிவுகளைப் பற்றிய பெருந்தொகுப்பை வெளியிட்டார்.

முதுநிலை ஆராய்ச்சி மாணவர்க்குச் சுரங்கமே பள்ளிக்கூடம் ஆயிற்று. சுரங்கத்தின் தரையிலும் சுவரிலும் வெளிப்பட்ட பாறைகளை அளந்து வரைய வேண்டும். எடுத்து வந்த கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் இதழாக்கி உருப்பெருக்கியில் காண வேண்டும். ஐயத்துக்குரிய கருமணி ஈயத்தாதுதானா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதைத் துத்தநாகத் துண்டோடு சேர்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால், சிறிது நேரத்தில் மணியின் மேல் சாம்பல் நிற ஈயப்பூச்சு படரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாரைப் பார்த்து வளர்ந்த தமிழ் மாணவனுக்கு அக்காட்சி புதிதாக இருந்திராது.

இவ்வாராய்ச்சியில் தமிழர் பெயரும் உண்டு. கம்பாருக்கு மேற்கே உள்ள பகுதியின் சுண்ணாம்புப் படுகைகளைச் சுந்தரலிங்கம் என்னும் நிலவியலாளர் ஆராய்ந்து, 1968இல் மலேசிய நிலவியல் கழகத்தின் முதல் ஆய்வுத்தொகுதியில் வெளியிட்டார். ஈயத்துக்காக மேல்மண்ணை அகற்றியதால் வெளிப்பட்ட பாறைகள் அவை. டெவோனியன் காலம் முதல் பெர்மியன் காலம் வரை கடலில் வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் அவற்றில் இருந்தன. அப்படுகைகளுக்குத் தாய் ஆன், கிம் லூங், நாம் லூங், எச். எஸ். லீ என்று அங்கிருந்த சுரங்கங்களின் பெயர்களே சூட்டப்பட்டன. கோடிக்கணக்கான ஆண்டு மூத்த பாறைகள் சில பத்தாண்டு வயதுடைய சுரங்கங்களின் பெயரைத் தாங்கின.

மூழ்கிய ஏடுகள்

1970களின் தொடக்கத்தில் மலேசியா ஆண்டொன்றுக்கு 70,000 டன்னுக்கு மேல் ஈயம் எடுத்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கிச் சரிந்தது. விலை பாதியாகக் குறைந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். இறைப்பு இயந்திரங்கள் நின்றதும் குழிகளில் நீர் நிறைந்தது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்டு 1982வரை உழைத்த ஈயக் கப்பல் ஒன்று இன்று காட்சிப்பொருளாக நிற்கிறது.

சுரங்கங்களோடு மாணவரின் பள்ளிக்கூடமும் நீரில் மூழ்கியது. பாறைப் படுகைகள் வெளிப்பட்டிருந்த குழிகள் பல, மீன் வளர்க்கும் ஈயக் குட்டைகளாகவோ வீடமைப்புப் பகுதிகளாகவோ மாறிவிட்டன. சுந்தரலிங்கம் போன்றோர் கண்டவற்றை அவ்விடங்களிலேயே மீண்டும் காண்பது அரிதாயிற்று. அவர்கள் அன்று அளந்து எழுதி வைத்திராவிட்டால், அப்பாறைகள் சொல்லிய செய்தி மீண்டும் இருளில் புதைந்திருக்கும். ஈயம் விற்றுத் தீர்ந்தது. முதலாளிகளின் மாளிகைகள் பல பாழடைந்தன. ஆராய்ச்சியாளர் எழுதிய வரைபடமும் குறிப்பும் நிலைத்தன.

ஈயத்தோடு சேர்ந்து வந்து, ‘ஆமாங்’ என்ற பெயரில் கழிவாகக் குவிக்கப்பட்ட கருமணலில் மோனசைட், செனோடைம் முதலிய கனிமங்கள் இருந்தன. அவற்றில் அடங்கிய அருமண் தனிமங்களை இன்றைய உலகம் நாடித் தேடுகிறது. ஒரு தலைமுறை கழிவென எறிந்ததை மறு தலைமுறை செல்வமெனக் காண்பதற்கும், அதனோடு கலந்துள்ள தோரியத்தின் கதிரியக்கத் தீங்கை உணர்ந்து எச்சரிப்பதற்கும் கல்வியே கண்ணாகிறது.

பவாங் கேட்ட வினா இன்னும் முடிந்துவிடவில்லை. துணைவர் ஆசானை மறுத்ததால் அது தெளிந்தது. மாணவர் குழியில் இறங்கி அளந்ததால் அது நிலைபெற்றது. கிந்தாவின் ஈயக் குட்டைகளைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் இளைஞருக்கு, அமைதியான அந்நீருக்கு அடியில் ஒரு நூலகம் கிடக்கிறது என்று எடுத்துரைப்பது ஆசிரியர் கடமை. அதன் ஏடுகளைப் படிக்க வல்லவர் நம் மாணவரிடையேயும் தோன்றவேண்டும்.