வராதவர் கணக்கு

மக்கள் பிரதிநிதியை அளக்க மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: சபைக்கு வந்தாரா, சம்பளத்துக்கு அப்பால் வருவாய் என்ன, எந்தக் கட்சியில் நிற்கிறார்? மூன்றும் நியாயமானவையே. ஆயினும் பாப்பாமோட்டை போன்றதொரு மன்னார்க் கிராமத்திலிருந்து நோக்குவோர்க்கு இவற்றின் விடைகள் நேரானவையாக அமைவதில்லை.

1947இல் இத்தொகுதி சி. சிற்றம்பலத்தைச் சுயேச்சையாகத் தெரிந்தனுப்பியது. அவரோ டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் தபால், தொலைத்தொடர்பு மந்திரியானார். மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பெருந்தொகையில் நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோதும் அம்மந்திரிசபையிலேயே இருந்தார். சுயேச்சைக்கு வாக்களித்த மீனவனும் உழவனும் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை வரவுப் பதிவேடா சொல்லும்? 1956இல் வென்ற வி. ஏ. அழகக்கோன் தமிழரசுக் கட்சியினர். அங்கே இக்குழப்பம் இல்லை.

வருவாயைப் பற்றிய விதி வேடிக்கையானதாக இருந்தது. 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பினர் தம் சொத்து விபரத்தைச் சபாநாயகரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. குடிமகன் கட்டணம் செலுத்தி நகல் பெற முடிந்தது. பெற்றதை அயலவனிடம் சொன்னால் அது குற்றமாக இருந்தது! 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமே அத்திரையை விலக்கியது.

ஆனால் மன்னாரின் பெருங்கதை வரவைப் பற்றியதே. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. மன்னாரில் வென்றவர் பி. எஸ். சூசைதாசன். 1982 டிசெம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் அரசு தேர்தலின்றியே சபையின் ஆயுளை 1989 வரை நீட்டியது. நீட்டிய காலத்தில் அமர்ந்திருக்கலாகாதென ஆயுதமேந்திய இளைஞர் நெருக்கினர். 1983 ஜூலையில் தமிழர் வேட்டையாடப்பட்டனர். ஆகஸ்ட் 8ஆம் திகதி ஆறாவது திருத்தம் வந்தது: தனிநாட்டை ஆதரிப்பதில்லையெனச் சத்தியம் செய்யாதவருக்கு ஆசனம் இல்லை. அனுமதியின்றி மூன்று மாதம் வராதவருக்கும் ஆசனம் இல்லையென அரசியலமைப்பு முன்னமே கூறியிருந்தது. போனால் சத்தியம், போகாவிட்டால் வெளியேற்றம். அக்டோபர் 22ஆம் திகதி சூசைதாசன் ஆசனம் இழந்தார்.

சட்டத்தின் ஏட்டில் அது வெறும் 'சமுகமளிக்காமை'. அவ்வாறு எழுதியவர்களின் நேர்மையை நாம் ஐயுறுகிறோம். எனினும் பகிஷ்கரிப்பின் விலையைக் கொடுத்தவர்கள் தலைவர்கள் அல்லர். 1984 டிசெம்பர் 4ஆம் திகதி மன்னார்ப் பகுதியில் படையினர் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றபோது, சபையில் எழுந்து கேட்க மன்னாருக்கு உறுப்பினர் இல்லை. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில் வந்தது. அப்போது மன்னார் தனித் தொகுதியாக உறுப்பினரை அனுப்பும் முறையும் போய், அது வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பகுதியாகியிருந்தது.