கோட்டைக்குப்பமும் கொஞ்சம் இரும்புத் துகளும்

போன மாசம் பழவேற்காடு போயிருந்தேன். ஏரிக்கரையில கோட்டைக்குப்பம்னு ஒரு மீனவர் ஊர். "ஐயா, கோட்டை எங்க?"ன்னு ஒரு பெரியவரைக் கேட்டேன். புதர் மண்டின மேட்டைக் காட்டி, "அதான் தம்பி"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டார்.

1613-ல் டச்சுக்காரங்க கட்டின கெல்டிரியா கோட்டை அது. அவங்க ஊர் கெல்டர்லாந்து மாகாணத்தோட பேரு. வீட்டுக்கு வந்து அந்த மாகாணத்தைத் தேடினா, நம்ம பொட்டி தட்டுற புத்திக்கு வேற ஒரு சரித்திரம் மாட்டுச்சு.

அங்கே நைமேகன்னு ஒரு நகரம். தோல் புற்றுநோய்க்காரங்க 8 பேரோட நோய் எதிர்ப்பு செல்களை எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, நிணநீர்க் கணுவுக்குள்ள ஊசி போட்டாங்க. போடுறதுக்கு முன்னாடி செல்களுக்கு இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை ஊட்டினாங்க. எதுக்கு? உடம்புக்குள்ள போன செல்லைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா இரும்பு பக்கத்துக் காந்தப்புலத்தைக் கலைக்கும், எம்.ஆர்.ஐ. படத்துல அந்த இடம் கறுப்பாத் தெரியும். தண்ணிக்குள்ள வலை தெரியாட்டியும் மேல மிதவை தெரியுதே, அந்த மாதிரி.

2005-ல் முடிவு வெளியாச்சு. அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் ஊசி போட்டாங்க. அப்படியும் 8 பேர்ல 4 பேருக்கு மருந்து கணுவுக்குள்ள சரியா இறங்கலை! துகள் இல்லேன்னா 'சிகிச்சை வேலை செய்யலை'ன்னு எழுதி மூடியிருப்பாங்க. தப்பு மருந்துலயா, ஊசி முனையிலயா? இந்தக் கேள்வி நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை.

மிதவைக்கும் குறை உண்டு. வலை அறுந்தாலும் மிதவை மிதக்கும். செல் செத்தாலும் துகள் அங்கேயே கிடக்கும். வேற செல் அதை முழுங்கிடும். கறுப்பு தெரியுதுன்னா செல் உயிரோட இருக்குன்னு அர்த்தமில்லை.

இனிமே தான் சோகம். இந்த வகைத் துகள்ல பேர் வாங்கினது ஃபெரிடெக்ஸ். ஈரல் கட்டியைப் பார்க்க 1996-ல் அமெரிக்காவுல அனுமதி வாங்கினது. 2008-ல் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. செல்லைத் தேடுறவங்க நடுத்தெருவுல நின்னாங்க. அப்புறம் 2009-ல் ரத்தசோகைக்கு வந்த ஃபெருமாக்சிடால் மருந்தோட ஹெப்பாரின், புரோட்டமின் ரெண்டையும் கலந்து, செல்லுக்கு ஊட்டலாம்னு 2012-ல் காட்டினாங்க.

1690-ல் டச்சுக் கம்பெனியும் இப்படித்தான் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்திட்டுப் போச்சு. வியாபாரி கடையைக் கட்டிடுவான். வலையும் தேவையும் உள்ளவங்க எங்க போவாங்க? குப்பம் இன்னும் அங்கேயே இருக்கு, கோட்டைங்கிற பேரைச் சுமந்துகிட்டு.