தோலாடையும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பதிலும்

தாபிஈன்களில் ஒருவரான இப்னு வஅலா ரோமத்துடன் கூடிய தோலாடை ஒன்றை அணிந்திருந்தார். அபுல் கைர் என்பவர் அதைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய ஐயத்தைப் புரிந்துகொண்ட இப்னு வஅலா, இதைப் பற்றித் தாம் முன்பே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வினவிவிட்டதாகக் கூறினார். மக்ரிப் பகுதியில் பர்பரியரும் மஜூஸிகளும் அறுத்த கிடாக்கள் கொண்டுவரப்படும். அவற்றின் இறைச்சியை முஸ்லிம்கள் உண்ணமாட்டார்கள். தோலின் நிலை என்ன? பதனிடுவதே அதற்குத் தூய்மை என்பது நபி (ஸல்) அவர்களின் கூற்று எனப் பதில் கிடைத்தது. ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது.

குளிர்நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தோல் ஜாக்கெட் வாங்கும்போது எழுவதும் இதே கேள்விதான். அறுத்தவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியாது. மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தாருக்கு உரிய ஆடு செத்தபோது, அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். விலக்கப்பட்டது உண்பது மட்டுமே.

அக்கால அரபியர் கருவேல இனத்து மரமான கரழைக் கொண்டு தோலைப் பதனிட்டனர். நம் பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டுப் பெருவணிகம் செய்தனர். 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரிக்குப் பின்னே அந்த வணிகர்களின் கொடை இருந்தது. ஜாக்கெட் தோல் இன்று பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிடப்படுகிறது. இரசாயனப் பதனீடு செல்லுமா என்று சிலர் தயங்குவர், தயக்கம் தேவையில்லை. நீரில் ஊறினாலும் மீண்டும் அழுகாத நிலையே ஷாஃபிஈ நூல்கள் கூறும் அளவுகோல். குரோமியத் தோல் கொதிநீரையே தாங்கும்.

ஆகவே செம்மறி, வெள்ளாடு, மாடு, எருமை ஆகியவற்றுள் எதைத் தேர்வது என்பது உடல்வசதியையும் பணப்பையையும் பொறுத்தது. செம்மறித் தோல் மென்மையானது, இலகுவானது, ஆனால் எளிதில் கிழியும். வெள்ளாட்டுத் தோல் மெலிதாயினும் உறுதியானது. மாட்டுத் தோல் கனமானது, நெடுநாள் உழைக்கும். எருமைத் தோல் இன்னும் தடிப்பு.

ரோமம் வைத்த ஜாக்கெட்டில் மட்டும் மத்ஹபுகள் பிரிகின்றன. ஷரீஅத் முறைப்படி அறுக்கப்படாத ஆட்டின் ரோமம் பதனிடுவதால் தூய்மையாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. சிறிதளவு ஒட்டியிருந்தால் மன்னிக்கப்படும். ஹனஃபி மத்ஹபில் ரோமம் தூய்மையானதே. ஒரே வீட்டில் இரு மத்ஹபினர் இருப்பின் இதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

பன்றித் தோலோ எந்தப் பதனீட்டாலும் தூய்மையாகாது என்பதில் இவ்விரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அதை அணிந்து தொழுதால் தொழுகை கூடாது. வெளிப்புறம் மாட்டுத் தோலாக இருக்க, உள்துணியிலோ கழுத்துப்பட்டையிலோ பன்றித் தோல் இருக்கக்கூடும். அதன் மேற்பரப்பில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து காணப்படும். அச்சு பதித்து மெருகேற்றிய தோலில் இவ்வடையாளம் மறைந்துவிடும். அப்போது உட்புறச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும், உள்துணிக்கு எழுதியிருப்பதையும் சேர்த்து.