பல்யக் குழியும் வட்டக் கணக்கும்

கரணானுயோக நூல்கள் காலத்தை அளக்கக் கூறும் உவமை, சமணர் இல்லங்களில் வழிவழியாகக் கேட்கப்படுவது. ஒரு யோசனை விட்டமும் ஒரு யோசனை ஆழமும் உடைய வட்டக் குழி. அதனுள் ஆட்டுக்குட்டியின் நுண்ணிய மயிர்த்துணுக்குகள் செறிய நிரப்பப்படுகின்றன. நூறாண்டுக்கு ஒன்றாக அவற்றை எடுக்க, குழி வெறுமையாகும் காலமே வியவகார பல்யம். கேட்போர் பெரும்பாலும் காலத்தின் நெடுமையை வியந்து அமைவர். ஆனால் துணுக்குகளின் தொகையைக் கூறவேண்டுமாயின், முதலில் குழியின் கன அளவு தெரிதல் வேண்டும்.

யதிவிருஷபாசாரியார் பிராகிருதத்தில் இயற்றிய 'திலோயபண்ணத்தி' இதற்கு விதி தருகிறது. விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் சுற்றளவு. அதனை விட்டத்தின் காற்பங்கால் பெருக்கினால் பரப்பு. பரப்பை ஆழத்தால் பெருக்கினால் கன அளவு. பத்தின் வர்க்கமூலத்தை 19/6 எனக் கொண்டு, குழியின் கன அளவு 19/24 கன யோசனை எனப்பட்டது.

பள்ளிப் பாடநூலில் 'உருளையின் கன அளவு' என்னும் தலைப்பில் மாணவர் கற்பதும் இதுவே. அடிப்பரப்பை உயரத்தால் பெருக்குக என்பதே அங்கும் விதி. சுற்றளவையும் விட்டத்தின் காற்பங்கையும் பெருக்கி வட்டத்தின் பரப்பைக் காணும் முறையும் எள்ளளவும் பிழையற்றது.

எண்ணில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. பத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.1623, சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள உண்மையான விகிதம் ஏறத்தாழ 3.1416. இப்பிந்திய மதிப்பை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டார். ஆயினும் பல்யக் குழியின் கணக்கில் நேரும் மிகை, நூற்றுக்கு ஒன்றினும் குறைவே.

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியார் 'கணிதசாரசங்கிரகம்' இயற்றினார். அளவைகளை அவர் இருவகையாகப் பிரித்தார்: நடைமுறைக்குப் போதுமான பருமதிப்பு, ஆய்வுக்குரிய நுண்மதிப்பு. வட்டத்தின் சுற்றளவு, பருமதிப்பில் விட்டத்தின் மும்மடங்கு. நுண்மதிப்பில் விட்டத்தைப் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. கோளத்துக்கு, விட்டத்தில் பாதியின் கனத்தை 9/2 ஆல் பெருக்குவது பருமதிப்பு. அதில் பத்தில் ஒன்பது பங்கு நுண்மதிப்பு. அதாவது பெருக்கெண் முதலில் 4.5, பின்னர் 4.05. இன்று கொள்ளப்படுவது ஏறத்தாழ 4.19. நுண்மதிப்பும் முழுமையுற்றதன்று, எனினும் பருமதிப்பைவிட உண்மைக்கு அணிமையது. கைக்கு எளிய எண்ணை முடிந்த எண்ணாகக் காட்டாமல், இரண்டையும் வேறுபடுத்தி வைத்ததே அவ்வாசிரியரின் நேர்மை.

இந்நூலை ம. ரங்காசாரியார் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் வெளிக்கொணர்ந்தார். சமணர் கணிதத்தை உலக அறிஞர் அறியத் துணைசெய்த பதிப்புகளுள் அது தலையாயது.

முன்னோர் அனைத்தையும் முடிவாகக் கண்டுவிட்டனர் என்பது மிகை. அவர்கள் கதை மட்டுமே சொன்னார்கள் என்பது குறை. பல்யத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியோர், ஒரு தாளில் அக்குழியை வரைந்து, அதன் கன அளவையும் அவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்வாராக. ஆகமம் வேறு, பள்ளிப்பாடம் வேறு என்னும் எண்ணம் அங்கேயே அகலும்.